சூடு கண்ட மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். மோட்டார் சுடுகிறது, மோட்டார் புகைகிறது, மோட்டார் செத்துவிட்டது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடுவோம். மிக்ஸிக்கும் பம்புக்கும் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். கம்பியின் மேல்பூச்சான வார்னிஷ் கருகும் வாடையை அடுத்த தெருவிலிருந்தே சொல்லிவிடுவேன். ரோபோவுக்குள் இருக்கும் விரல் நீள மோட்டாரும் அதே குடும்பம்தான். சாகிற விதமும் அதேதான்.

கேள்வி: நான்கு சக்கர ரோபோ ஒன்று செய்திருக்கிறேன். மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டார் நான்கு, மொத்த எடை 2 கிலோ, 6 வோல்ட் பேட்டரி. வழவழப்பான தரையில் நன்றாக ஓடுகிறது. கம்பளத்தில் ஏற்றித் திருப்பினால் மட்டும் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறது. ஒரு மோட்டார் எரிந்தேவிட்டது. 12 வோல்ட் பேட்டரி மாட்டினால் சரியாகுமா?
— பொறியியல் கல்லூரி மாணவர்

பதில்: சரியாகாது. மிச்சம் இருக்கும் மூன்றும் போகும், அதுவும் சீக்கிரமாக.

மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்க வேண்டும் என்பதை பேட்டரி தனியாக முடிவு செய்வதில்லை. சக்கரத்தின் மேல் இருக்கும் சுமைதான் முடிவு செய்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு சின்ன ஜெனரேட்டரும்கூட. பேட்டரிக்கு எதிராக அதுவே ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. வேகமாகச் சுற்றினால் அந்த எதிர் வோல்டேஜ் அதிகம், உள்ளே நுழையும் மின்னோட்டம் குறைவு. சுமை ஏறி வேகம் குறைந்தால் எதிர் வோல்டேஜ் குறைந்து மின்னோட்டம் கூடுகிறது. அச்சு நின்றேவிட்டால் எதிர்ப்பதற்கு எதுவும் இல்லை. காயிலின் மின்தடை மட்டும்தான் மிச்சம்.

உங்கள் மஞ்சள் மோட்டாரின் காயில் சுமார் 4 ஓம். 6 வோல்ட்டில் அச்சு நின்றால் ஒன்றரை ஆம்பியர் பாயும். சாதாரணமாக ஓடும்போது 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மடங்குதானே என்று தோன்றும். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுகிறது. ஓடும்போது காயிலில் 0.36 வாட், நின்றால் 9 வாட். இருபத்தைந்து மடங்கு! அந்த 9 வாட்டில் ஒரு துளிகூட அச்சில் வேலையாக வெளியே வருவதில்லை, அத்தனையும் சூடு. கட்டைவிரல் பருமனுள்ள டப்பாவுக்குள் 9 வாட் என்பது சாலிடரிங் அயர்ன் பக்கத்து உறவு.

இந்த இருமடி விதியை 1841-இல் வெளியிட்டவர் ஜேம்ஸ் ஜூல். கம்பிச்சுருளைத் தண்ணீரில் மூழ்கவைத்து, மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். குடும்பத்து மதுவடிசாலையின் நீராவி எந்திரத்தை மின்மோட்டாரால் மாற்ற முடியுமா என்ற ஆசையில்தான் அவருடைய ஆராய்ச்சியே ஆரம்பித்தது. மோட்டார் சூடாவதைப் பற்றி முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவரும் மோட்டார் வைத்து ஏதோ ஒன்றை ஓட்டப் பார்த்தவர்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது கம்பளத்துக்கு வருவோம். உங்கள் ரோபோவில் ஸ்டீயரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னால், மறுபக்கம் பின்னால் சுற்றி, டயர்களைப் பக்கவாட்டில் தேய்த்துத்தான் திரும்புகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் அரை கிலோ. ரப்பர் டயருக்கும் கம்பளத்துக்கும் உராய்வுக் கெழு 0.8 என்று எடுத்தால், பக்கவாட்டில் இழுக்க சக்கரத்துக்கு ஏறக்குறைய 4 நியூட்டன் வேண்டும். உங்கள் மோட்டாரின் உச்ச முறுக்குவிசை, அதாவது அச்சைச் சுழற்றும் வலு, 6 வோல்ட்டில் சுமார் 0.8 கிலோகிராம்-சென்டிமீட்டர். 65 மில்லிமீட்டர் சக்கரம் என்றால் டயர் நுனியில் கிடைப்பது சுமார் 2.4 நியூட்டன், அதுவும் மூச்சு நின்ற நிலையில். 4 வேண்டிய இடத்தில் 2.4 இருந்தால் என்ன நடக்கும்? உறுமும், நிற்கும், புகையும்.

12 வோல்ட் கொடுத்தால் முறுக்குவிசை இரட்டிப்பாகும், திரும்பவும் செய்யலாம். எங்காவது மாட்டிக்கொண்டு நின்றால் மட்டும் 3 ஆம்பியர், 36 வாட். முன்பு அரை நிமிடம் தாங்கியது இப்போது சில நொடிகளில் முடிந்துவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைக் குறையுங்கள். நீளம் அதிகமாகவும் அகலம் குறைவாகவும் உள்ள வண்டிக்குத் திரும்புவது பெரிய தண்டனை. அகலம் நீளத்தைவிட அதிகமாக இருக்கட்டும். பேட்டரியை ஒரு ஜோடி சக்கரங்களின் மேல் நகர்த்துங்கள். எடை குறைந்த ஜோடி லேசாக வழுக்கிக்கொடுக்கும். அதுவும் போதாவிட்டால் அந்த ஜோடி டயர்களின் மேல் வழவழப்பான டேப்பைச் சுற்றிவிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். இல்லையென்றால் பின்னால் இரண்டு மோட்டாரையும் கழற்றிவிட்டு எந்தப் பக்கமும் திரும்பும் ஒரு காஸ்டர் உருளை. பல ரோபோக்களுக்கு நான்கு மோட்டார் என்பது தேவையே இல்லாத பெருமை. அப்புறம், நின்ற இடத்திலேயே சுழலாமல் வளைந்து திரும்புமாறு புரோகிராமை மாற்றுவதற்குச் செலவே இல்லை.

இது எல்லாம் செய்தும் போதாவிட்டால் கியர் விகிதம் அதிகமுள்ள மோட்டார் வாங்குங்கள். வேகம் குறையும், மோட்டார் பிழைக்கும். தொடர்ந்து ஓட வேண்டிய மோட்டாருக்கு அதன் உச்ச முறுக்குவிசையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுமை வைக்காதீர்கள். இந்த வகை மோட்டார்களின் செயல்திறன் உச்சத்தில் இருப்பதும் அதற்குக் கீழேதான்.

கேள்வி: மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிந்துவிட்டது. இது எப்படி?
— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

பதில்: ஐயா, நீங்கள் தொட்டது வீட்டின் சுவரை. தீ சமையலறையில்.

காயிலுக்கு மின்சாரம் கொடுக்க உரசும் பிரஷ் வைத்த சின்ன மோட்டார்களில் காயில் நடுவில் சுற்றும் ஆர்மெச்சரில் இருக்கிறது. அதற்கும் வெளி டப்பாவுக்கும் நடுவே காற்று இடைவெளி. வெப்பம் அச்சு வழியாகவும் அந்தக் காற்றின் வழியாகவும்தான் வெளியேற முடியும். மெல்லிய செம்புக் கம்பி சில வினாடிகளில் சூடேறிவிடும். டப்பா சூடேற நிமிடக்கணக்கில் ஆகும். அச்சு நின்றுவிட்ட மோட்டாரில் வார்னிஷ் கருகி முடிந்த பிறகுதான் உங்கள் விரலுக்குச் செய்தி வரும். மெதுவாக, மணிக்கணக்கில் ஏறும் சூட்டுக்கு விரல் ஓரளவு உதவும். டப்பாவில் விரலைச் சில வினாடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் அது 60 டிகிரியைத் தொட்டிருக்கும், உள்ளே அதைவிட எவ்வளவோ அதிகம்.

காயிலின் உண்மையான வெப்பநிலை தெரிய அதன் மின்தடையையே தெர்மாமீட்டராக வைத்துக்கொள்ளலாம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். மோட்டார் ஆறியிருக்கும்போது, அச்சில் ஒரு மார்க்கர் கோடு போட்டு, அந்த நிலையில் ஓம்மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். 4 ஓம் என்று வைப்போம், அறை வெப்பநிலை 30 டிகிரி. பிறகு வேலை வாங்கி நிறுத்தியவுடன், அதே கோட்டுக்கு அச்சைத் திருப்பி, தாமதிக்காமல் அளங்கள். 5 ஓம் வந்தால் 25 சதவீத ஏற்றம், அதாவது சுமார் 65 டிகிரி. ஆக காயில் 95 டிகிரியில் இருக்கிறது. அச்சை ஒரே நிலையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரஷ், அச்சோடு சுற்றும் கம்மூட்டேட்டர் என்ற உலோக வளையத்தின் எந்தத் துண்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும். இரண்டு மூன்று முறை அளந்து பார்த்துவிட்டு நம்புங்கள். மீட்டர் கம்பிகளின் மின்தடையைக் கழிக்க மறக்க வேண்டாம். 4 ஓமில் அதுவே பெரிய பிழை.

செம்புக் கம்பியின் எனாமலுக்கு 105, 130, 155, 180 டிகிரி என்று வகுப்புகள் உண்டு. அந்த எண்ணைத் தாண்டியவுடன் பட்டென்று எரியும் என்று அர்த்தம் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு: ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும். அதனால்தான் சில மோட்டார்கள் இன்றைக்கு நீங்கள் கொடுத்த தொல்லைக்கு அடுத்த மாதம் சாகின்றன.

இன்னொன்று. சூடேறிய காயிலில் மின்தடை கூடுவதால், அதே சுமையை இழுக்க அதே மின்னோட்டம் பாயும்போது வெப்பம் இன்னும் கூடுகிறது. 100 டிகிரி ஏறிய காயிலில், அதே மின்னோட்டத்துக்கு 39 சதவீதம் அதிக வெப்பம். நஷ்டக் கடைக்கு வட்டியும் ஏறுகிற கதை.

கேள்வி: நான் செய்த ரோபோ கையில் எஸ்ஜி90 சர்வோ போட்டிருக்கேன். கை சும்மா நிற்கும்போதுகூட சர்வோ 'ங்ங்ங்' என்று முனகுது, சுடுது. ஒன்று ஏற்கெனவே செத்துப்போச்சு. சும்மா நிற்கிறதுக்கு ஏன் சூடாகணும்?
— பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: தம்பி, சர்வோவைப் பொறுத்தவரை சும்மா நிற்பது என்று ஒன்று கிடையாது. நீ சொன்ன கோணத்தை விட்டு நகராமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. கை புவியீர்ப்பில் இறங்கப் பார்க்கும், சர்வோ மேலே தள்ளும். அந்த முனகல்தான் இந்தச் சண்டையின் சத்தம்.

உன் கையை அளந்து பார். எஸ்ஜி90-க்கு 4.8 வோல்ட்டில் 1.8 கிலோகிராம்-சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும். அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோவைத் தொங்கவிட்டால் சர்வோ அப்படியே நின்றுவிடும் என்று அர்த்தம். தூக்கிச் சுமக்கும் என்று அர்த்தம் இல்லை. உன் கை 12 சென்டிமீட்டர் நீளம், நுனியில் 100 கிராம் என்றால் 1.2 ஆச்சு. கையே 60 கிராம் இருந்தால், அதன் எடை நடுவில் இருப்பதாக எடுத்து 6-ஆல் பெருக்கு, 0.36. மொத்தம் 1.56. நாள் முழுக்க உச்ச வலுவில் அதைப் பிடித்து நிற்கச் சொல்கிறாய். பாவம் இல்லையா?

கையின் மறுமுனையில், அச்சுக்குப் பின்னால், கொஞ்சம் எடை கட்டிச் சமன் செய். ரப்பர் பேண்டும் உதவும். கை இறங்கும் திசைக்கு எதிராக இழுத்துக் கட்டினால் பாதிச் சுமையை அது ஏற்றுக்கொள்ளும்.

அடுத்து, உன் புரோகிராமில் 0, 180 என்று கோணம் கொடுத்திருக்கிறாயா? கொடுத்திருப்பாய், எல்லாரும் கொடுப்பார்கள். ஆர்டுயினோ என்ற புரோகிராம் போர்டின் சர்வோ லைப்ரரி 0 டிகிரிக்கு 544 மைக்ரோ வினாடியும் 180 டிகிரிக்கு 2400 மைக்ரோ வினாடியும் துடிப்பு அனுப்பும். மலிவான சர்வோக்கள் பலவற்றுக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பில் முட்டிக்கொண்டு, இன்னும் போக வேண்டும் என்று மோட்டார் முழு வலுவோடு தள்ளிக்கொண்டே இருக்கும். கையில் சுமையே இல்லாமல் எரிந்த சர்வோக்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படிச் செத்தவைதான். கோணத்தை 15, 10 என்று மெல்ல இறக்கிப் பார். முனகல் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறதோ அதற்கு ஐந்து டிகிரி உள்ளேயே நிறுத்து. மறுமுனையிலும் அப்படியே. வேலை முடிந்து கை எதிலாவது சாய்ந்து நிற்கலாம் என்றால் டிடாச் கட்டளை கொடுத்துத் துடிப்பையே நிறுத்திவிடு.

கேள்வி: ஃபேன் வைத்தால் போதாதா?
— பொறுமையில்லாதவர்

பதில்: மெதுவாக ஏறும் சூட்டுக்குப் போதும். முட்டிக்கொண்டு நிற்கும் மோட்டாருக்கு அது விசிறிவிட்டு வழியனுப்புவது மாதிரி.

கேள்வி: கேமராவை மெதுவாக நகர்த்தும் தண்டவாளத்துக்கு நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் போட்டேன். ஓடாமல் நிற்கும்போதே கை வைக்க முடியாத சூடு. 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மோட்டார் பிடி வளைந்துவிட்டது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?
— புகைப்பட ஆர்வலர்

பதில்: பிடியை மாற்றுங்கள். பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். அந்த மோட்டாரின் உடம்போ 80 டிகிரி வரை போனாலும் பெரும்பாலும் கவலைப்படாது. படிப்படியாக நகரும் ஸ்டெப்பருக்கு நான் மேலே சொன்ன சுமைக் கதை பொருந்தாது. டிரைவர், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் போர்டு, அதற்கு ஒரே அளவு மின்னோட்டத்தை எப்போதும் செலுத்துகிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓடினாலும் நின்றாலும் செலுத்தும். அதனால் நிற்கும்போது சுடுவது அதன் சுபாவம்.

ஆனால் தேவைக்கு மேல் செலுத்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏ4988 டிரைவர் என்றால், அதிலுள்ள சின்னத் திருகின் மேல் அளக்கும் விரெஃப் (மின்னோட்ட உச்சத்தை நிர்ணயிக்கும்) வோல்டேஜ் = மின்னோட்டம் × 8 × சென்ஸ் மின்தடை (மின்னோட்டத்தை அளக்க போர்டில் இருக்கும் சின்ன மின்தடை). அந்த மின்தடை போர்டுக்குப் போர்டு வேறு. ஆர்100 என்று பொறித்திருந்தால் 0.1 ஓம், ஆர்050 என்றால் 0.05 ஓம், ஆர்068 என்றும் வரும். 1 ஆம்பியருக்கு முதலாவதில் 0.8 வோல்ட் வைக்க வேண்டும், இரண்டாவதில் 0.4. வேறு யாரோ சொன்ன 0.8-ஐ நீங்கள் ஆர்050 போர்டில் வைத்திருந்தால் 2 ஆம்பியர், நான்கு மடங்கு வெப்பம். பூதக்கண்ணாடி எடுத்து அந்த எழுத்தைப் படியுங்கள், முதலில் அதுதான் வேலை. கேமரா கீழே சரியாத படுக்கைத் தண்டவாளம் என்றால், நிற்கும் நேரத்தில் டிரைவரின் எனேபிள் கால் (பின்) வழியாக மின்னோட்டத்தை அணைத்துவிடுவதும் நல்லது.

கேள்வி: எல்298என் டிரைவர், ஆர்டுயினோ யூனோ வைத்து மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறேன். மெதுவாக ஓட்டும்போது மோட்டார் 'கீ' என்று கத்துகிறது. வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டும்போதுதான் அதிகம் சுடுகிறது. தலைகீழாக இருக்கிறதே?
— மென்பொருள் பொறியாளர்

பதில்: தலைகீழ் இல்லை. யூனோ பிடபிள்யூஎம் முறையில் மின்சாரத்தை வினாடிக்கு 490 தடவை அணைத்து அணைத்துப் போடுகிறது (5, 6-ஆம் கால்களில் 980). அந்தத் தாளம்தான் உங்கள் காதில் விழுவது. சின்ன மோட்டாரின் காயிலில் மின்னோட்டம் ஏறி இறங்க ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. அதனால் ஒவ்வொரு தடவையும் மின்னோட்டம் முழு உயரத்துக்குப் பாய்ந்து, அப்புறம் பூஜ்யத்துக்கு விழுகிறது. முறுக்குவிசை கிடைப்பது மின்னோட்டத்தின் சராசரிக்கு. வெப்பம் உண்டாவது அதன் இருமடியின் சராசரிக்கு. சராசரி ஒன்றாகவே இருந்தாலும், குதித்துக் குதித்துப் பாயும் மின்னோட்டம் சீரான மின்னோட்டத்தைவிட இரண்டு மூன்று மடங்குகூடச் சூடாக்கும். குறைந்த வேகத்தில், 30 சதவீதம் மாதிரி வைக்கும்போது இது உச்சம். தாளத்தை 20 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் காயில் அந்தக் குதிப்பைத் தானே சமன்செய்துவிடும், கத்தலும் காதுக்கு எட்டாது.

எல்298என் அந்த வேகத்தில் தன் பங்குக்கு இன்னும் சூடாகும். ஏற்கெனவே அது 1 ஆம்பியருக்கு 2 வோல்ட் போலத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் டிரைவர். தரவுத்தாளிலேயே 1.8 முதல் 3.2 வரை போட்டிருக்கிறார்கள். 6 வோல்ட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கை இடைத்தரகர் எடுத்துக்கொண்டால் எப்படி? டிபி6612 அல்லது டிஆர்வி8833-க்கு மாறுங்கள். மாறியதும் மோட்டாருக்குக் கூடுதல் வோல்டேஜ் போகும் என்பதை நினைவில் வைத்து புரோகிராமில் உச்ச வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ரோபோ கார் வேகமாக முன்னால் போகும்போதே ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. இதனால் மோட்டாருக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: ஆகும். முன்னால் சுற்றும் மோட்டாரின் எதிர் வோல்டேஜ் அந்த ஒரு நொடி பேட்டரியோடு சேர்ந்துகொள்கிறது. அச்சு நிற்கும்போது பாயும் மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயும். பிரஷ் பொறி பறக்கும், கியர் பல் வாங்கிக்கொள்ளும். நடுவில் கால் வினாடி பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். இல்லையென்றால் வேகம் படிப்படியாக மாறும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மோட்டார் கடுமையாகச் சூடாகி, ஆறிய பிறகு மறுபடி ஓடியது. விசித்திரம் என்னவென்றால் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது! ஆனால் சக்கரத்தை மாட்டித் தரையில் விட்டால் நகரத் திணறுகிறது. சூடு பட்டதில் மோட்டார் நன்றாகிவிட்டதா, கெட்டுவிட்டதா?
— பட்டறை வைத்திருக்கும் வாசகர்

பதில்: இந்த இதழின் சிறந்த கேள்வி இது. கெட்டுவிட்டது. காந்தம் வலுவிழந்துவிட்டது.

எதிர் வோல்டேஜ் காந்தத்தின் வலுவையும் வேகத்தையும் பொறுத்தது. காந்தம் பலவீனமானால், அதே எதிர் வோல்டேஜை எட்டுவதற்கு மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சுமை இல்லாதபோது ஆகவே வேகம் கூடுகிறது, வெறுமனே ஓடும் மின்னோட்டமும் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை குறைந்துபோகிறது. பழைய சுமையையே இழுக்க இப்போது அதிக ஆம்பியர், அதனால் அதிகச் சூடு, அதனால் காந்தம் இன்னும் பலவீனம். இந்த மோட்டார் இனி இறங்குமுகம்தான்.

சாதாரண தரத்து நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாக வலுவிழக்க ஆரம்பிக்கும். எஸ்எச் என்று குறிக்கப்பட்ட வகை 150 வரை, யூஎச் 180 வரை தாங்கும். பெரைட் காந்தம் சூடாக இருக்கும்போது டிகிரிக்கு 0.2 சதவீதம் வலு குறைந்து, ஆறினால் திரும்பிவிடும், சூட்டைத் தாங்குவதில் கெட்டிக்காரன். ஆகவே சின்ன உருவத்தில் பெரிய வலு என்று விற்கப்படும் மோட்டார்களில்தான் இந்தக் கோளாறு அதிகம் வரும். புதிய மோட்டார் வாங்கியதும் சுமையில்லாத வேகத்தையும் மின்னோட்டத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவைப்பது என் பழக்கம். இரண்டும் சேர்ந்து ஏறினால் காந்தம்.

கேள்வி: டிரோனுக்கு 5 அங்குல புரொப்பெல்லருக்குப் பதில் 6 அங்குலம் மாட்டலாமா? மோட்டார் அதேதான்.

பதில்: வேகம் மாறாவிட்டால் அந்த ஒரு அங்குலத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். மோட்டார் தரவுத்தாளில் 6 அங்குலம் என்று எழுதியிராவிட்டால் மாட்டாதீர்கள்.

கேள்வி: எரிந்த மோட்டாரைத் திறந்து பார்த்தால் எதனால் எரிந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?
— கல்லூரி ஆய்வகப் பயிற்றுநர்

பதில்: முடியும். தூக்கிப்போடாமல் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு என்பதுதான் என் வருத்தம். பின்மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு தகரக் காதுகளை நிமிர்த்தினால் திறந்துவிடும்.

முதலில் காயில்களின் நிறத்தைப் பாருங்கள். சின்ன மோட்டார்களில் மூன்று காயில் இருக்கும். மூன்றும் ஒரே மாதிரி பழுப்பேறியிருந்தால், ஓடிக்கொண்டே அதிகச் சுமை இழுத்து மெல்ல வெந்தது. ஒன்று மட்டும் கருகி, மற்ற இரண்டும் சுமாராக இருந்தால், அச்சு ஏதோ ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. ஏன்? பெரும்பாலான சின்ன மோட்டார்களில் மூன்று காயிலும் முக்கோணமாக இணைந்திருக்கும். அச்சு நிற்கும்போது பேட்டரியின் முழு வோல்டேஜும் ஒரு காயிலின் மேல் நேராக விழுகிறது. மற்ற இரண்டும் தொடராக நின்று அதே வோல்டேஜைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆளுக்குப் பாதி வோல்டேஜ், கால் பங்கு வெப்பம். நேராக மாட்டிய காயில் அவற்றைப் போல நான்கு மடங்கு சூடாகிறது. சுற்றிக்கொண்டிருந்தால் அந்தத் துன்பம் மூன்றுக்கும் மாறி மாறி வந்திருக்கும்.

காயில் மூன்றும் செம்பு நிறத்திலேயே பளபளத்து மோட்டார் மட்டும் ஓடவில்லையா? பிரஷைப் பாருங்கள். இந்த வகை மோட்டார்களில் பல, கார்பனுக்குப் பதிலாக மெல்லிய உலோக விரல்களையே பிரஷாக வைத்திருக்கும். அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் மூடி சூட்டில் இளகினால் விரல் கம்மூட்டேட்டரை விட்டு விலகிவிடும். கம்மூட்டேட்டரில் பள்ளம் விழுந்திருந்தால் தேய்மானம், வயதுச் சாவு. துண்டுகளுக்கு நடுவே கருப்புப் பொடி அடைத்திருந்தால் அதுவே ஷார்ட். பல் குத்தும் குச்சியால் சுரண்டிவிட்டால் சில சமயம் உயிர் வந்துவிடும்.

மோட்டார் தப்பு செய்யாமலேயே தண்டனை அனுபவித்ததா என்று தெரிய, கியர் பெட்டியையும் திறங்கள். அச்சில் சுற்றிய முடியும் நூலும், சட்டத்தில் உரசும் சக்கரமும், கியர் பெட்டி நெளியும் அளவுக்கு இறுக்கிய திருகும் நான் பார்த்த கேஸ்களில் அடிக்கடி வரும் குற்றவாளிகள். திருகைக் கால் சுற்று தளர்த்தியதும் சுமையில்லா மின்னோட்டம் பாதியாக விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எரிந்துபோகாமல் தடுக்க ஃப்யூஸ் போடலாம் அல்லவா? எத்தனை ஆம்பியர்?

பதில்: ஃப்யூஸ் பேட்டரியையும் ஒயரையும் காப்பாற்றும். மோட்டாரைக் காப்பாற்றுவது கடினம். ஏனென்றால் மோட்டார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் நின்ற நிலை மின்னோட்டத்தைக் கொஞ்ச நேரம் இழுக்கத்தான் செய்யும். அதற்குப் போகாத ஃப்யூஸ், முட்டி நிற்கும்போதும் சீக்கிரம் போகாது. தானாக மீளும் பாலிஃப்யூஸ் சில வினாடி யோசித்துவிட்டுத்தான் முறியும்.

நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது புரோகிராமால்தான் முடியும். சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர் இருந்தால், மோட்டாருக்குக் கட்டளை போயும் அரை வினாடியாக எண்ணிக்கை நகரவில்லை என்றால் உடனே அணைத்துவிடச் சொல்லுங்கள். என்கோடர் இல்லையென்றால் ஐஎன்ஏ219 மாதிரி ஒரு மின்னோட்ட சென்சார். அதிலுள்ள 0.1 ஓம் மின்தடையோடு 3.2 ஆம்பியர் வரை அளக்கும், சின்ன மோட்டார்களுக்கு அதுவே தாராளம். நின்ற நிலை மின்னோட்டத்தில் முக்கால் பங்கைத் தாண்டி அரை வினாடி நீடித்தால் அணை, சில வினாடி ஆறவிடு, ஒருமுறை பின்னால் நகர்ந்து பார். மூன்றாவது முறையும் முட்டினால் நிறுத்திவிட்டு விளக்கைச் சிமிட்டு. இதற்கு இருபது வரி புரோகிராம்கூட ஆகாது.

கேள்வி: எரிந்த குட்டி மோட்டாருக்கு நாமே காயில் கட்ட முடியுமா? உங்கள் தொழில் என்பதால் கேட்கிறேன்.
— பள்ளி அறிவியல் மன்றப் பொறுப்பாளர்

பதில்: கட்டலாம். லாபம் இல்லை, ஆனால் மாணவர்களுக்கு ஒரு மோட்டாராவது கட்டிக் காட்டுங்கள். பின்மூடி பிளாஸ்டிக் இளகாத மோட்டாராகத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் உழைப்பு வீண். பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது, எந்த முனை எந்தத் துண்டுக்குப் போகிறது என்றும் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். அதே பருமனுள்ள எனாமல் கம்பியையே வாங்குங்கள். மெல்லியது போட்டால் மின்தடை கூடும், தடித்தது போட்டால் பள்ளத்தில் அடங்காது. மூன்று காயிலிலும் சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது அதிரும். சாலிடர் வைக்கும் முன் கம்பி நுனியின் எனாமலை பிளேடால் சுரண்டுங்கள். மூடுவதற்கு முன் ஓம்மீட்டரை கம்மூட்டேட்டரின் இரண்டிரண்டு துண்டுகளாக வைத்துப் பாருங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டினால் மூடலாம்.